பலூனுக்குள் என்ன வாயு?

அயனம்பாக்கத்தில் நண்பன் மகளின் பிறந்தநாள். நான் ஏறிய லிஃப்ட், கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே என்னைத் தவிர ஒரு பலூன்காரர் மட்டும். ஒல்லியான ஆள், நூல்களை மணிக்கட்டில் இறுகச் சுற்றியிருந்தார். பலூன்கள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன.

என் போனில் சார்ஜ் இல்லை. கேக்கோடு வாங்கிய தீப்பெட்டியை எடுத்தேன். அது குலுங்கிய சத்தம் கேட்டதும் இருட்டில் என் கையைப் பிடித்தார்.

“வோணாம் சார்.”

“ஹீலியம் எரியாதே?”

“எரியாது. ஆனா வெலை ஜாஸ்தி. இதுல கீறது ஹைட்ரஜன். ஒரு பொறி போதும்.”

அதன்பின் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

ஒருவழியாகக் கரண்ட் வந்தது. மேலே, “ஹீலியம்தானே? பசங்க இருக்காங்க” என்றாள் நண்பனின் மனைவி.

“ஆமாம்மா” என்றார், என்னைப் பார்க்காமல். ஆனால் உள்ளே வரவில்லை. “கேக்கு வெட்டிக்கோங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

மெழுகுவத்தியை என்னைத்தான் ஏற்றச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். பலூன்களோடு பாதிப் படி இறங்கியிருந்தார். குழந்தை ஊதி, திரியின் புகையும் அடங்கிய பிறகே ஏறி வந்தார்.

பலூன்களைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, என் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை விரலால் ஒருமுறை தட்டினார். எல்லோரும் கிளம்பும்வரை அதன்மேல் வைத்த கையை நான் எடுக்கவில்லை.