ஸ்டெல்லாவின் கணக்கீட்டை நிறுத்தியவள்

ஸ்டெல்லாவின் ஆய்வைக் கொன்றவள் நான்தான். மின்வெட்டு அல்ல, அவளுடைய பிழையும் அல்ல. நான்!

உங்களிடம் சொல்வதால் பாரம் குறையும் என்று நினைக்கவில்லை. நீங்களும் என்னை நம்பிவிடாதீர்கள்.

விருத்தாசலத்தில் எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு சர்வர். செராமிக் யூனிட்டுகளுக்கு மண் எடுத்த குழிகளில் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுக்களை ஸ்டெல்லா ஆராய்ந்தாள். நான் நெல்லின் மரபணுவை. வெளியூர்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியைக் கேட்டு விண்ணப்பித்தோம், பதிலே வரவில்லை. இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடு கணினிக்குக் கிரெடிட் கார்டு வேண்டுமாம், எங்களிடம் ஏது? ஆகவே அந்த ஒரே மெஷினைப் பங்குபோட்டுக்கொண்டோம். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எங்கள் நெறியாளர் எனக்குக் கொடுத்திருந்தார். யாருடைய வேலையையும் நிறுத்தும் அதிகாரம் அதோடு வந்தது.

ஸ்டெல்லாவின் உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்தது. அதற்குள் முடிவு வராவிட்டால் வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும்... தெரிந்தே செய்தேன்.

என் வேலை நகரவே இல்லை. திரையில் பார்த்தால், மெஷின் முழுவதையும் அவளுடைய கணக்கீடு விழுங்கிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில்! என்னை முந்திக்கொள்ளப் பார்க்கிறாளோ? டீ வாங்கித் தந்தால், எதற்கு இவ்வளவு குழைகிறாள் என்று தோன்றியது. "உன் வேலை எதுவரைக்கும் வந்திருக்குது?" என்று கேட்டால், வேவு பார்க்கிறாள் என்று தோன்றியது. சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்!

ஒரு மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது அவளுடைய கணக்கீட்டை நிறுத்திவிட்டேன். நிறுத்தியது யார் என்று காட்டும் பதிவையும் அழித்தேன். கொஞ்சமாவது தயங்கினேனா? இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

திரும்பி வந்தவள் திரையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நடுவுல எதையும் சேவ் பண்ணலடி... எல்லாம் போச்சே! உன் வேலை வந்தா என்னுது தானா ஒதுங்கிக்கிற மாதிரிதானே போட்டிருந்தேன். அப்புறம் எப்பிடி நின்னுச்சு?"

ஒதுங்கிக்கொள்ளும்படியா! யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் மட்டுமே அவள் மெஷினை எடுத்திருக்கிறாள். அதைத் திரையில் சரிபார்க்க ஒரு நொடி போதும், நான் பார்க்கவில்லை. பிறகுதான் என் புரோகிராமைத் திறந்தேன். மெஷினில் ஒரு மூலை மட்டும் எனக்குப் போதும் என்று எழுதிவைத்திருந்தவள் நானேதான், அதனால்தான் என் வேலை நகரவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? "கரண்டு போச்சுடி, என்னுதும் நின்னுடுச்சு" என்றேன்.

மறுபடி ஓட்ட அவளுக்கு நாள் போதவில்லை. இப்போது ஒரு செராமிக் கம்பெனி ஆபீசில் பில் போடுகிறாள். நான் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டேன்.

போன வாரம் ஜங்ஷனில் சேலம் வண்டிக்காக நின்றபோது பக்கத்தில் வந்தாள்.

"உன் பேப்பரைப் படிச்சேன். நன்றின்னு என் பேரையும் போட்டிருக்கியே, எதுக்குடி?"

தெரிந்துதான் கேட்கிறாளா? ஆழம் பார்க்கிறாளா? அவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"நம்ம கைடு சார்தான் போடச் சொன்னாரு" என்றேன். அவர் சொல்லவே இல்லை.

"அப்ப அவருக்கு என்னமோ உறுத்துது... அன்னிக்கு நின்னது கரண்டுல இல்லையோ? அவருதான் நிறுத்தியிருப்பாரோ?"

இல்லை என்ற ஒரு சொல் போதும்! அது எனக்கு வரவில்லை. தலையை ஆட்டினேன்... ஆமாம் என்று.