எந்த வெள்ளி ராவு?

கொல்லைக் குழாய் ஒழுகியது. அம்மா பழைய லாரி ட்யூபில் வாஷர் வெட்டிக் கொடுத்தாள். பாலிடெக்னிக் படித்த நான் அதை அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. இந்த மார்ச் கடைசியில் நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அவள் பெயர் ஆபிதா. காரைக்குடியில் சிலர் இன்னும் ‘கொலைகாரன் பெண்டாட்டி’ என்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்கட்டும்.

1966இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மரக்கடைக் காவலாளி ஐயனாரை யாரோ அடித்துக் கொன்றார்கள். லாரி மெக்கானிக்கான என் அத்தா ஜெய்னுலாபுதீனைப் பிடித்தார்கள். அந்தக் கடையில் அவர் சண்டை போட்டது உண்மை. ஆனால் அது முந்தின நாள் ராத்திரி. அடுத்த வீட்டு அஜீஸாவிடம் கோர்ட்டில், “வெள்ளி ராத்திரி இவரை அங்கே பார்த்தாயா?” என்று கேட்டார்கள். “ஆமா” என்றாள். ஆயுள் தண்டனை.

அவள் பொய் சொன்னதாகவே நினைத்தோம். பேச்சை நிறுத்தினோம்.

அப்பீலுக்காக எங்கள் வக்கீல் சத்தியமூர்த்தி, அவள் போலீஸில் சொன்னதன் நகலை வாசித்தார்: ‘வெள்ளி ராவு யாசீன் ஓதிவிட்டு வரும்போது பார்த்தேன்.’ அம்மா நிறுத்தச் சொன்னாள். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும். வெள்ளி ராவு என்றால் வியாழக்கிழமை பொழுது சாய்ந்த பின். குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதுவது அப்போதுதான். அஜீஸா அத்தாவைப் பார்த்தது கொலைக்கு முந்தின ராத்திரி.

“இதை விசாரணையிலேயே சொல்லியிருக்கணும்மா. இப்ப புதுச் சாட்சியம்னு போனா, இத்தனை நாள் எங்க போனீங்கன்னு கேப்பாங்க” என்றார் வக்கீல்.

“கேட்டாத்தானே சொல்லுவா? எந்த வெள்ளி ராவுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீகளா?”

அவர் மனு எழுத உட்கார்ந்தார்.

அம்மா அஜீஸா வீட்டுக் கதவைத் தட்டினாள். “பேச்சை மாத்துறேன்னு என்னைய உள்ள போட்டுருவாக ஆபிதாக்கா.”

“மாத்தாதடி. அதையே சொல்லு, அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லு. உள்ள போட்டா நானும் வாரேன். ரெண்டு பேருமா அங்க சோறாக்குவோம்.”

அவளை மறுபடி விசாரிக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. “வியாழனை வெள்ளி என்பது எந்த ஊர் வழக்கம்?” என்று சிரித்தார் அரசு வக்கீல்.

“எங்க வீட்டு வழக்கம். வேணுமுன்னா பள்ளிவாசல்ல கேளுங்க” என்றாள் அஜீஸா.

பள்ளிவாசல் இமாமும் வந்து அதையே சொன்னார். அந்த ஒரு சாட்சியை நம்பிய தண்டனை இனி நிற்காது என்று 1968இல் ரத்து செய்தார்கள். அத்தா வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு நான்கு வருஷம் உயிரோடு இருந்தார்.

போலீஸ் ஸ்டேஷன் கேடி லிஸ்டில் மட்டும் அவர் பெயர் அப்படியே கிடந்தது. எங்கே திருட்டு நடந்தாலும் எங்கள் கதவைத் தட்டினார்கள். அவர் இறந்த பிறகும் ஒருமுறை வந்தார்கள்.

“கபர்ஸ்தான்ல படுத்திருக்காக. எழுந்து வந்தா கூட்டிட்டுப் போங்க” என்றாள் அம்மா.

பெயரை அடிக்கச் சொல்லி ஐந்து மனு கொடுத்தாள். பதில் இல்லை. ஆறாவதைத் தீர்ப்பு நகலோடு சிவகங்கைக்குக் கொண்டுபோய், பெரிய அதிகாரி கையிலேயே கொடுப்பதாக இருந்தாள். ஏப்ரல் ஐந்தாம் தேதி, காலை பஸ். மூன்றாம் தேதி மாரடைப்பில் போய்விட்டாள்.

மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கொடுக்கவில்லை.