சோத்துக்கை, பீச்சாங்கை, ஒரு மான் துப்பாக்கி

நியூசிலாந்துக்கு மான் வேட்டைக்குப் போகிற யோசனை உள்ளவர்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன் சென்னைக்குள்ளேயே ஒரு நாள் சுற்றிவிடுவது நல்லது. நாங்கள் டிக்கெட் எடுத்த பிறகு, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சுற்றினோம். மயிலாப்பூரில் தொடங்கி அடையாறு, தி.நகர் வழியாகப் பட்டினப்பாக்கம். மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். கலவரம், புயல் என்று நிருபராக எங்கெங்கோ போயிருக்கிறேன். அன்று மாலை கடற்கரையில் பயந்த மாதிரி எங்கும் பயந்ததில்லை.

பயம் சேவியர் மாமாவைப் பற்றியது. என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர், வயது அறுபத்தாறு. அவர்கள் மகன் பிரவீன் நியூசிலாந்தின் தென் தீவில் கால்நடை மருத்துவர். இங்கே வேட்டை குற்றம். அங்கே சட்டம் அனுமதிக்கிறது. உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டால் விருந்தாளியும் சுடலாம். மகனோடு மலையேறி ஒரு மானாவது சுட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. நான் துணைக்கு.

ஆனால் மாமாவின் இடது மார்பில், காறை எலும்புக்குக் கீழே, நான்கு வருடமாக ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அவர் இதயம் தானாக ஒழுங்காகத் துடிக்காது. துப்பாக்கி வெடிக்கும்போது தோளில் வைத்த கட்டை பின்னால் வந்து உதைக்கும். தோட்டா பெரிதானால் உதையும் பெரிது. ஆகவே எந்த அளவுத் தோட்டா என்ற பேச்சு வந்தாலே எங்கள் வீட்டில் எல்லோரும் மாமாவின் சட்டைப் பையைப் பார்ப்போம்.

காலை ஒன்பதரைக்கு மயிலாப்பூர் லஸ்ஸில் மாமா, அக்கா, நான் மூவரும் ஆட்டோ பிடித்தோம். மெட்ரோ வேலைக்காகச் சாலைகளைத் திருப்பி விட்டிருப்பதால் அடையாறு போக முக்கால் மணி நேரம், நூற்றைம்பது ரூபாய். பேஸ்மேக்கர் வைத்த டாக்டர் அங்கேதான் இருக்கிறார். வேட்டை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இடது தோள்ல மட்டும் வைக்கவே கூடாது. உள்ள போற ஒயர் விலகிச்சுன்னா மலை மேல என்ன செய்வீங்க? உங்களுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

அக்கா முந்திக்கொண்டு, "சோத்துக்கைதான் டாக்டர்" என்றாள். அறுவைச் சிகிச்சைக்கு முன் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொல்லியிருந்தாள். வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் அந்தக் கருவியை வைப்பார்கள். அப்படியானால் வலது தோளில் வைத்து, உதை குறைவான துப்பாக்கியாகப் பார்த்துச் சுடலாம் என்றார் டாக்டர். அக்கா நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினாள்.

நாங்கள் இருவரும் தி.நகருக்கு. கிண்டிப் பூங்கா வேலி ஓரம் சிக்னலில் ஆட்டோ நின்றது. உள்ளே ஒரு புள்ளிமான் தலையைத் தூக்கிப் பார்த்தது. மாமா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே பார்த்தார். எந்தக் கண் என்று நான் கவனிக்கவில்லை.

பாண்டி பஜாரில் மலையேறும் பூட்ஸ் வாங்கிவிட்டு, கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே பிரவீனை வீடியோவில் கூப்பிட்டோம். அவனிடம் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று டூ ஃபார்ட்டி த்ரீ: சின்னக் குண்டு, உதை குறைவு, இருநூறு மீட்டருக்குள் நிற்கும் மானுக்குத் தாராளமாகப் போதும். மற்றது செவன் எம்.எம். மேக்னம். நம் வரையாட்டுக்கு உறவான தார் என்ற மலை ஆடு அங்கே உண்டு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீட்டர் தாண்டி நிற்கும். அவ்வளவு தூரத்துக்கும், மலைக் காற்றுக்கும் மேக்னம்தான் வசதி என்றான். உதை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"பெரிசையே எடுத்து வை" என்றார் மாமா.

டாக்டர் உதை குறைவாகத்தானே சொன்னார் என்று கேட்டேன். "அந்தப் பக்கம்தான் மிஷினே இல்லியே மாப்ள. அவ்ளோ தூரம் போயிட்டு மலை ஆட்டை வேடிக்கை பாத்துட்டு வரவா?" என்றார். பெரிய துப்பாக்கி என்று முடிவானது.

சாயங்காலம் ஐந்தே காலுக்குப் பட்டினப்பாக்கத்தில் இறங்கினோம். மாமா அதுவரை எந்தத் துப்பாக்கியையும் தொட்டதில்லை. பழகிப் பார்க்க மணலில் இருக்கிற பலூன் கடையை விட்டால் வேறு எது? பத்துக் குண்டு ஐம்பது ரூபாய். கடை அம்மாள் ஏர் கன்னை மடக்கிக் குண்டு போட்டு நீட்டினார். மாமா வாங்கினார், கால்களை அகட்டினார், கட்டையைத் தோளில் பொருத்தினார். இடது தோளில்.

கட்டையின் நுனி பேஸ்மேக்கர் மேலேயே உட்கார்ந்திருந்தது. அது பொம்மைத் துப்பாக்கி மாதிரிதான், உதையே கிடையாது. ஆனாலும் தடுக்கக் கையை நீட்டிவிட்டேன். ஒரு பலூன் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது.

"இன்னா நைனா, பீச்சாங்கையா நீ?" என்று கேட்டார் கடை அம்மாள். "குறி சோக்கா கீது."

மாமா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை வலது தோளுக்கு மாற்றிச் சுட்டார். பலூன் உடையவில்லை. மறுபடியும் சுட்டார், பின்னாலிருந்த படுதாதான் ஆடியது.

"உன்னை மாதிரி ஆளுக்குத்தான் நைனா எனக்கு லாபம்" என்று அந்த அம்மாள் சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மணலில் உட்கார்ந்த பிறகு மாமா சொன்னார். ஆறு வயதில் இடது கையால் சோற்றை எடுத்ததற்கு அவர் அப்பா ஸ்கேலால் அடித்திருக்கிறார். ஒரு மாதத்தில் சாப்பாடும் எழுத்தும் வலது கைக்கு வந்துவிட்டன. அதோடு அவரும் மறந்துவிட்டார். வீட்டில் யாரும் அவருக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் யாரும் அதைத் திருத்தவும் இல்லை. சென்னையில் சோத்துக்கை எது என்று யாரைக் கேட்டாலும் வலது என்றுதான் வரும். அக்கா பொய் சொல்லவில்லை.

"அக்காகிட்ட சொல்லாத மாப்ள. நான் வலது பக்கமே பழகிக்கறேன்."

பிரவீனிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. தூக்கக் கலக்கத்தோடு எடுத்தவன், விஷயத்தைக் கேட்டதும் தெளிந்துவிட்டான்.

"நானும் பீச்சாங்கைதானப்பா. என் ரெண்டு துப்பாக்கிக்கும் குண்டு ஏத்த இழுக்கற போல்ட் இடது பக்கம்தான் இருக்கு. குடுத்தா நீங்க இடது தோள்லதான் வெப்பீங்க."

மாமா ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டார். அலை வந்து புது பூட்ஸ் டப்பாவின் அடியை நனைத்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. "ஆடு வந்து நிக்கற நேரத்துல கை எங்க போவும்னு எனக்கே தெரியாது மாப்ள" என்றார் கடைசியில். அவர் குரலில் பயத்தை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் உள்ளதைச் சொன்னோம். அக்காவும் வந்திருந்தாள். சின்னத் துப்பாக்கியும் வேண்டாம் என்றுவிட்டார்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மான் மட்டும் போதுமென்றால் டூ ஃபார்ட்டி த்ரீ. மலை ஆடும் வேண்டுமென்றால், அதைவிடப் பெரிய உதையை உங்கள் உடம்பு தாங்குமா என்று முதலில் கேளுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நடுவில் சிறு ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் உங்கள் குறிக்கண். பெரும்பாலும் துப்பாக்கி போய் உட்காரும் தோளும் அந்தப் பக்கம்தான். டாக்டர் கேட்கும்போது சாப்பிடுகிற கையைச் சொல்லாதீர்கள். பட்டினப்பாக்கம் போய் ஐம்பது ரூபாய்க்குப் பலூன் சுட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. சுடப்போவது பிரவீன், மாமா பைனாகுலரோடு பக்கத்தில் உட்காருவார். நேற்று அதை வாங்கி வந்து மேசை மேல் வைத்துவிட்டு வெகு நேரம் தொடாமல் நின்றார்.

"இத எந்தத் தோள்ல மாட்டறது மாப்ள?"

கழுத்தில் மாட்டிவிட்டேன்.