படிக்காமல் விட்ட கடைசிப் பக்கம்

எங்கள் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு பெண்கள் பத்துப் பேர் கூடி ஒரு கதையைப் பற்றிப் பேசுவோம். அதில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான் ஒருத்திதான். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. இந்த மாதம் நீதான் பேச வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கதை இதுதான். புருஷனோடு சண்டை போட்ட ஒருத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மறுநாள் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வயலுக்குப் பாய்கிறது. ஊர் அந்தக் கதவுக்கு மாலை போடுகிறது. புருஷனே பூசாரி ஆகிறான்.

என் புருஷன் வீட்டுக்குத் தேவதானப்பட்டிக் காமாட்சிதான் குலதெய்வம். அங்கே சன்னதிக் கதவைத் திறப்பதே இல்லை. பூசையெல்லாம் சாத்திய கதவுக்குத்தான். கல்யாணமான புதிதில் அந்தக் கதவை நான் உற்றுப் பார்த்துவிட்டேன் என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதனால் கதையின் கடைசியில் அந்தப் புருஷன் கதவைத் திறக்கப் போய், 'அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்' என்று வந்ததும் என் கை தானாகப் புத்தகத்தை மூடிவிட்டது. மிச்சம் ஒரு பக்கம்தான். ஆனால் என் மகள் பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள், நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கதவு திறக்கிறதைப் படித்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

படித்தவரைக்கும் போதும் என்று பேசினேன். தண்ணீர் என்பது பெண் செய்கிற வேலை, அது வந்துகொண்டிருக்கிற வரைக்கும் யாரும் அவள் முகத்தைத் தேடுவதில்லை என்றேன். கோபத்தோடு போனவளைச் சாமியாக்கிவிட்டால் அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் கேட்டார். "எல்லாஞ் சரித்தா. கதவத் தொறந்தா உள்ள ஆளே இல்லையே, அதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே?"

"ஆளே இல்லையா டீச்சர்?"

"நீ படிக்கலையா?"

"அவன் கதவத் தொறக்கப் போனான். நான் பொஸ்தகத்த மூடிட்டேன்."

பக்கத்தில் இருந்த தையல்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ ஆத்தா, அச்சடிச்ச கதவுக்குமா கும்புடு போடுற?"

டீச்சர் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். "இங்கன வச்சே படி. நாங்க இருக்கோம்ல."

காமாட்சியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படித்தேன். கதவு திறக்கிறது. அறை காலி. பின்சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் விளிம்பில் புல் முளைத்துக் காய்ந்து கிடக்கிறது. அவள் போய் வருஷக்கணக்காகிறது.

"எங்க ஆத்தா வேற, இவ வேற," என்று அவசரமாகச் சொன்னேன். "எங்க ஆத்தா தன் இஷ்டத்துக்கு உள்ள இருக்குறவ. இவளுக்கு உள்ள இருக்கப் பிடிக்கல. பூச வச்சவுக அவளப் பாக்கல, கதவத்தான் பாத்தாக."

அதற்கு மேல் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்து மகளுக்கு போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"வலி கிலி இருக்கா?"

"துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்மா. நீ ஒழுங்காப் பேசுனியா?"

கடைசிப் பக்கத்தைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப அவ எங்க போனாளாம்?"

"அத எழுதல."

"நல்லவேள. எழுதியிருந்தா அவ புருஷன் அங்கனயும் ஒரு பூச மணியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பான்."

அவள் சிரிக்கிற சத்தம் காதில் விழுந்தது. வயிறு குலுங்கச் சிரிக்கிறாளே என்று அதற்கும் பயந்தேன். சிரிக்காதே என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.