நீலாவதி பார்த்த இரண்டு கம்ப்யூட்டர் கேம்ப்புகள்

நீலாவதிக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்ஸி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. கணவன் நடராஜன் சரக்குக் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடலில் இருப்பான், மூன்று மாதம் வீட்டில். வீட்டில் இருக்கும் மூன்று மாதத்தில் பாதியைத் தூங்கியே கழிப்பான். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் பஸ்ஸில் சண்டை போடவும், மீன்காரனிடம் பேரம் பேசவும், மேனேஜருக்குப் பதில் சொல்லவும் போதுமான வங்காளம் அவளுக்கு வந்திருந்தது. தலை வலிக்கிறது, இன்றைக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்று யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த வங்காளம் போதவில்லை.

கார்டன் ரீச்சில் மாடி வீடு. கீழ்வீட்டு வங்காள அம்மாளை எல்லோரும் சித்தி முறை வைத்து மாஷிமா என்பார்கள். நீலாவதியின் மகள் வனஜா கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டது மாஷிமாதான். பள்ளிவிட்ட நேரமும் விடுமுறையும் கீழ்வீட்டிலேயே கழிந்ததில், எட்டு வயதில் வனஜா முக்கால்வாசி கீழ்வீட்டுப் பெண்ணாகியிருந்தாள்.

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் நீலாவதி கேட்பாள்.

"கிச்சு நா," என்பாள் வனஜா. ஒன்றுமில்லையாம்.

"அத தமிழ்ல சொன்னா வாய் சுட்டுருமாக்கும்?"

வனஜா சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். மகளுக்குத் தமிழ் புரியாமலில்லை. கேள்வி ஒரு பாஷையிலும் பதில் வேறொன்றிலுமாக அந்த வீட்டில் ராத்திரிகள் சீக்கிரம் முடிந்தன.

எண்பத்தேழாம் வருஷம் ஏப்ரலில் மாஷிமா ஜாம்ஷெட்பூரில் இருந்த மகனோடு இருக்கப் போய்விட்டாள். பள்ளிக்கு ஐந்து வாரம் கோடை விடுமுறை. பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக முடியாது. ஆபீஸ் சட்டர்ஜி பாபுதான் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். சின்னப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கேம்ப், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை.

அப்படி இரண்டு இடங்கள் இருந்தன. நீலாவதி இரண்டையும் போய்ப் பார்த்தாள்.

முதலாவது அவள் ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடை. பிள்ளைக்கு ஒரு மெஷின். கரண்ட் போனால் ஜெனரேட்டர். சாப்பாட்டு வேளையில் கவனிக்க ஓர் ஆயா. மத்தியானம் அவளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இரண்டாவது கரியாஹாட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்பது பிள்ளைகளுக்கு மூன்று மெஷின். ஜெனரேட்டர் கிடையாது. படிக்கட்டு முழுக்கப் புதுத்துணிக் கஞ்சி வாடை. கதவுக்குப் பக்கத்தில் பலகை ஒன்று மாட்டியிருந்தது. ஆசிரியர், ஆர். மஹாதேவன்.

அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். ஆசிரியர் அன்று வந்திருக்கவில்லை. ஐந்து வாரம், பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை வனஜாவின் காதில் தமிழ் விழும் என்று நினைத்தாள். அங்கேயே பணத்தைக் கட்டிவிட்டாள்.

"பைத்தியமா தீதி? ஜெனரேட்டர் உள்ள இடத்தை விட்டுட்டு யாராவது அங்க போவாங்களா?" என்று சட்டர்ஜி பாபு வங்காளத்தில் கேட்டார்.

"மாஸ்டர் ரொம்ப நல்லவராம்," என்று நீலாவதி சமாளித்தாள்.

முதல் நாள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். தடித்த கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் எழுந்து வந்தான். அவன்தான் மஹாதேவன்.

"தம்பி, நீங்க எந்த ஊரு?"

"லேக் மார்க்கெட்," என்றான்.

"அது சரி, சொந்த ஊரு?"

அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான், தமிழ் கேட்டால் புரியும், பேச வராது என்று சரளமான வங்காளத்தில் சொன்னான். வீட்டில் அம்மா இதற்காகத் தினம் திட்டுகிறாளாம். "சாப்ட்டேளா?" என்று ஒரே ஒரு வார்த்தை தமிழில் கேட்டுக் காட்டிவிட்டு, அவ்வளவுதான் என்று மறுபடி வங்காளத்தில் சொல்லிக் கையை விரித்தான்.

அன்று முழுக்க டைப் அடித்ததில் தப்புக்கு மேல் தப்பு. முதலில் பார்த்த கிடர்பூர் கேம்ப்காரர்கள் வியாழன்வரை சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள்.

"வேற எடத்துக்கு மாத்திரட்டுமா பிள்ள? அங்க உனக்குன்னு தனி மெஷின் குடுப்பாங்க."

"ஜாபோ நா!" என்றாள் வனஜா. போகமாட்டாளாம். அவள் மெஷினில் கூட உட்காரும் மிட்டு என்ற பெண்ணைப் பற்றியும், கட்டளை அடித்தால் திரையில் ஊர்கிற ஆமையைப் பற்றியும் கார்டன் ரீச் வரும்வரை வங்காளத்தில் பேசித் தீர்த்தாள். பிள்ளையிடம் இவ்வளவு பேச்சை நீலாவதி கேட்டு எத்தனையோ நாளாயிற்று. மாற்றவில்லை.

மூன்றாவது வாரம் துறைமுகத்தில் ஸ்டிரைக். ஆபீசை இரண்டு மணிக்கே மூடிவிட்டார்கள். கரியாஹாட் போய்ச் சேர்ந்தபோது அங்கே கரண்ட் இல்லை. மெஷின்கள் இருண்டு கிடக்க, கூடத்துத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போனால் மஹாதேவன் நடத்தும் பாடம் இதுதான். ஒரு பிள்ளை ஆமையாக நிற்கும், இன்னொன்று கட்டளை போடும். இத்தனை கட்டம் முன்னால், இந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லி ஆமையைச் சன்னலோரக் கட்டத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். சொன்னதற்கு மேல் ஆமை ஓர் அடி வைக்கக் கூடாது.

வனஜா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து முதல் கட்டத்தில் நிறுத்தினாள்.

"எகோ மா, பாஞ்ச்!" ஐந்து கட்டம் முன்னால் போகச் சொல்லிக் கட்டளை போட்டாள்.

அந்த வங்காளக் கட்டளைக்குக் காலை எடுக்க நீலாவதிக்கு மனம் வரவில்லை. நின்றாள்.

"மா! எகோ!"

மஹாதேவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு வனஜாவிடம் வங்காளத்தில் சொன்னான். "இந்த மெஷினுக்கு பெங்காலி தெரியாது. அதுக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லு."

பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். வனஜாவுக்குக் காது சிவந்துவிட்டது. "முன்னால... முன்னால போ. அஞ்சு."

நீலாவதி ஐந்து கட்டம் நடந்தாள்.

இப்போது வலது பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு வார்த்தை வனஜாவுக்கு அகப்படவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "சோத்தாங்கை!" என்று கத்தினாள். "சோத்தாங்கை பக்கம் திரும்பு மா!"

கூடத்தில் அது புரிந்தவன் மஹாதேவன் ஒருவன்தான். சுவரில் சாய்ந்து சிரித்தான். மிட்டு, என்ன சொன்னாய் என்று தோழியைப் பிடித்து உலுக்கினாள்.

"மூணு போ. இப்ப பீச்சாங்கை. பீச்சாங்கை மா, அது இல்ல, அந்தப் பக்கம்! மக்கு ஆமை!"

"நீ ஒழுங்கா சொல்லு பிள்ள, நான் ஒழுங்கா போறேன்," என்றாள் நீலாவதி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தனைன்னு சொல்லணும்லா?"

"நாலு!"

இரண்டு கட்டம் நடந்திருப்பாள். தலைக்கு மேல் விசிறி முனகிச் சுற்றத் தொடங்கியது.

"ஏஷே கேச்சே!" கரண்ட் வந்த சந்தோஷத்தில் ஒன்பது பிள்ளைகளும் ஒரே கூச்சலாக மெஷின் அறைக்குள் ஓடினார்கள். மிட்டுவும் வனஜாவும் கைகோத்துக்கொண்டு முதல் ஆளாக. மஹாதேவன் அவர்களைச் சமாளிக்கப் பின்னாலேயே போனான். கதவு சாத்திக்கொண்டது.

நீலாவதி கட்டத்துக்குள்ளேயே நின்றாள். உள்ளே வனஜா வங்காளத்தில் ஏதோ சொல்ல, மிட்டு சிரிப்பது கேட்டது. மணி நாலுகூட ஆகவில்லை, கேம்ப் விட ஐந்தாகும். சன்னலுக்கு இன்னும் இரண்டு கட்டம் இருந்தது.