அழத் தெரிந்தவனுக்குக் கிடைத்த வேலை

இந்த மலைக்கு வந்த புதிதில் யாராவது என்னைப் பார்த்து "இன்னா?" என்று கேட்டால் கையை நீட்டிவிடுவேன். "இந்தா" என்று எதையோ தருகிறார்கள் என்றுதான் என் காதில் விழும். அவர்கள் என் வெறுங்கையைப் பார்ப்பார்கள். நான் அவர்களுடையதைப் பார்ப்பேன். ஒரே தமிழைப் பேசிக்கொண்டு இப்படி நின்றவனின் கதையை, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து எங்கெங்கோ சிதறிப் போனவர்களுக்கும் எழுதுகிறேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் புண் கழுவிக் கட்டிய பழக்கம் இருந்ததால், எழுபதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில் பத்துக் கட்டில் போட்ட ஒரு தரும ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை கிடைத்தது. பிறர் வலியைக் கண்டால் எனக்குக் கண் நிறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் அது யாருக்கும் குறையாகத் தோன்றியதில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா அறையில் சாவு என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் சேர்ந்து அழுவார்கள். இங்கே முதல் வாரமே டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் போனார். வேலூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் இளையவர். கட்டுப் போடுகிறவன் அழுதால் நோயாளி பயந்துவிடுவான், இந்த வேலைக்கு மனசு கல்லாக இருக்க வேண்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. நானும் கல்லாகிப் பார்த்தேன். முகங்களைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். அப்படி ஒரு நாள் ஒரு பெண்ணின் சீழ் வைத்திருந்த விரலை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டிவிட்டேன். அந்தப் பெண் சத்தமே போடவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு வெள்ளையன் வந்தார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் சாமை விதைக்கிற குடியானவர். இரண்டு நாளாகப் பிரசவ வலியில் கிடந்த மனைவியைத் தூளி கட்டி, உறவுக்காரர்களோடு தோள் மாற்றி மாற்றிச் சுமந்து வந்து சேர்ந்தபோது நண்பகல். டாக்டர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். தாயும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை. வெளியே வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, வெள்ளையனின் முகத்தைப் பார்க்காமல், "முடிஞ்சிடுச்சுப்பா" என்றார்.

வெள்ளையனின் முகம் மலர்ந்தது. "இன்னா கொழந்தைங்க?" என்று கேட்டார்.

டாக்டர் காய்ந்துவிட்ட கையைத் துடைத்தபடியே நின்றார். நான் போய் வெள்ளையனைத் தரையில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். "அண்ணே, உங்க சம்சாரம் செத்துப் போச்சு. புள்ளையும் போயிருச்சு." சொல்லும்போதே எனக்குக் கண்ணீர் இறங்கிவிட்டது. அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். என் வார்த்தையை அல்ல, அந்த முகத்தைத்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இனிமே நீங்களே சொல்லிடுங்க ராமையா. எனக்கு வரல" என்றார்.

அன்றிலிருந்து அதுவும் என் வேலையானது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். உட்காரவைப்பேன். செத்துவிட்டார் என்ற சொல்லை மறைக்காமல் சொல்வேன். அழுகை வந்தால் விட்டுவிடுவேன். கண்ணீரை மறைத்து நின்ற நாட்களைவிட இப்போது என் கட்டுகள் இறுகாமல் பதமாக அமைந்தன. ஒருவர் மூச்சு விடுவதில் இருக்கும் பயம்கூட அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. குறையென்று நினைத்ததுதான் என் தொழிலுக்கு வேண்டிய பலம் என்று அந்த ஆண்டுகளில் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பலத்தால் ஓர் உயிர்கூடத் திரும்பி வரவில்லை. மலைக் கிராமங்களுக்குப் பாதையும் போடப்படவில்லை, தூளிகள் தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு சந்தை நாளில் ஜமுனாமரத்தூரில் சாமை வாங்கலாமென்று ஒரு பெண்ணை நோக்கி நடந்தேன். அவள் தம்பி எங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருந்தான், தேறிக்கொண்டும் இருந்தான். நான் வருவதைக் கண்டதும் அவள் சாமை அளக்கிற படியைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். தம்பி நன்றாக இருக்கிறான் என்று நான் எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு நான் சந்தைக்குப் போவதில்லை.

எண்பத்து மூன்று ஆடி மாதக் கலவரத்தில் இலங்கையில் கடைகளும் லயங்களும் எரிந்ததை ரேடியோவில் கேட்டேன். நான் கப்பலேறுவதற்கு முன், பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோதே எனக்கு இந்தியா என்றும் என் அக்கா பாக்கியத்துக்கு இலங்கை என்றும் பிரித்துவிட்டார்கள். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த அவள் கடிதம் அந்த ஆடி மாதத்தோடு நின்றது. தோட்டத்துக்கு எழுதினேன், தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். பதில் இல்லை.

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வெள்ளையன் நடந்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா வூட்லேர்ந்து கடுதாசி வந்துச்சுங்களா?" என்று கேட்டார். இல்லையென்றேன். அவர் பாதையைப் பார்த்தபடி சொன்னார்:

"அங்க உங்கள மாரி ஒரு ஆளு இருந்தா, இந்நேரம் சொல்லியிருப்பாருங்க."

எத்தனையோ பேருக்காக வந்த கண்ணீர் அன்று எனக்காக வரவில்லை. எதற்கென்று அழுவது? இறந்தாள் என்று யாராவது சொல்லியிருந்தால் தலை முழுகியிருப்பேன். இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் போதும், நிம்மதியாக இந்த ஊர்க்காரனாகி இருந்திருப்பேன். வெள்ளையன் பொழுது சாய்வதற்கு முன் எழுந்து போனார்.

இரண்டு வருடமாகிறது. மாதம் ஒரு கடிதம் இன்னும் எழுதுகிறேன். பெறுநர் பக்கத்தில் ஒரு மலை, அனுப்புநர் பக்கத்தில் ஒரு மலை. காலை பஸ்ஸில் தபால் பையை ஏற்றுகிறார்கள். பஸ் வளைவில் திரும்பி இறங்கும்வரை நின்று பார்க்கிறேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, வருகிறாயா என்று கையசைத்துக் கேட்கிறார். நான் ஏறுவதும் இல்லை, இல்லையென்று தலையாட்டுவதும் இல்லை.