கை தட்டுற வரைக்கும்

பால்மா கரைத்துக்கொண்டே வினோதா ஆங்கிலம் பேசுகிறாள். "மை நேம் இஸ் வினோதா. ஐ லவ் சில்ரன்." எதிரே பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்று வாயைத் திறந்தாலும் அவள் அதட்டுவதில்லை. தன் உதட்டில் விரலை வைக்கிறாள், அவ்வளவுதான். எல்லாக் குட்டி விரல்களும் எல்லாக் குட்டி உதடுகளுக்கும் போய்விடும். அவள் கை தட்டினால்தான் இறங்கும். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் இதுதான் சட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற பிள்ளைகளை மாலைவரை கட்டி மேய்ப்பது அவள் வேலை.

தோட்டத்துத் துரையின் நாய் உட்பட எல்லோரும் அவளுக்குத் "தங்கம்"தான். யார் பிள்ளைக்காவது பொத்தான் அறுந்துபோகும் என்று சட்டைக் கையில் எப்போதும் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். பிள்ளைகளுக்கு ஊதி ஊதி ஊட்டிய பழக்கத்தில், ஆறிப்போன தேத்தண்ணியையும் ஊதித்தான் குடிப்பாள்.

முன்பு அவளும் கொழுந்தெடுக்க மலைக்குப் போனவள்தான். மழைநாளில் கூடையோடு சறுக்கி விழுந்ததில் முழங்கால் கெட்டுப்போய், அதன்பிறகுதான் காம்பரா வேலைக்கு வந்தாள். இப்போது பிள்ளைகள் குறைந்துவிட்டதால் காம்பராவை மூடி, தோட்டத்தின் மேல்பிரிவுக் காம்பராவோடு சேர்க்கப் போகிறார்களாம். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து வினோதா மறுபடியும் மலை ஏற வேண்டும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவாள்?

ஹட்டன் டவுனில் பிள்ளை பராமரிப்பு நிலையம் ஒன்று திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். கொழும்பிலிருந்து ஒரு மேடம் அழைத்தார். மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நேர்முகம் என்றார். "எந்த பஸ்ஸுல வரணுங்க?" என்று கேட்டாள் வினோதா. வரவே வேண்டாம், ஒன்லைன் என்றார் மேடம். வினோதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை தூக்கத் தெரியுமா என்பதைப் போனில் எப்படிப் பார்ப்பார்கள்?

அன்றிலிருந்து ஆரம்பித்தது பாராயணம். யூடியூபில் பார்த்த கேள்வி பதில்களை அடுப்படியிலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் சொல்லிச் சொல்லி உருப்போட்டாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலுள்ள சுவர் கூரைவரை போவதில்லை. மேலே ஒரு முழம் சும்மா கிடக்கும். ஒரு வீட்டுக் கருவாட்டு வாசமும் புருஷன் பெண்டாட்டிச் சண்டையும் அந்த வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். "ராவும் பகலும் இதே பாட்டா புள்ள? எங்காது செவிடாப் போகுது," என்று பக்கத்து வீட்டு வேலாயி சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சலித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமையென்றால் மொத்த லயமும் வீட்டில் இருக்கும். ரேடியோ, சண்டை, கிரிக்கெட் எல்லாம் இருக்கும். வினோதா அசரவில்லை. முத்துலிங்கம் கங்காணியிலிருந்து கடைசி வீட்டுக் கைக்குழந்தைக்காரிவரை எல்லோரையும் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வரிசையாக உட்கார வைத்தாள். "நான் கை தட்டுற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. வெரல வைங்க தங்கம்!" மீசைக்காரக் கங்காணியும் விரலை வைத்தார். சோறு கொதிக்கிறது என்று வேலாயி மட்டும் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டாள். கரிபிடித்த சுவரை மறைக்க ரோசாப்பூப் போட்ட புதுப் போர்வையைக் கட்டிவிட்டு, வினோதா போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் கேள்விகள் தண்ணீர் பட்ட பாடு. பிறகு மேடம் ஆங்கிலத்தில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார். மூன்று வாரம் உருப்போட்ட பதில் அந்த நொடியில் காணாமல் போனது. வினோதா போனையே பார்த்தாள். முன்னால் ஒன்றுமில்லாத காற்றை ஒருதரம் ஊதினாள்.

அப்போது சுவருக்கு மேலிருந்து, கையெழுத்துக்குப் பெருவிரல் உருட்டுகிற வேலாயியின் குரல் கணீரென்று வந்தது: "மை வீக்னஸ் இஸ், ஐ கெனாட் ஸிட் ஐடில்!"

வினோதா சட்டென்று சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரது?" மேடத்தின் முகம் மாறிவிட்டது. தமிழுக்கு வந்துவிட்டார். "பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கிறாங்களா? போனை எடுத்து ரூமைச் சுத்திக் காட்டுங்க."

எதை மறைக்கப் போர்வை கட்டினாளோ அதையெல்லாம் வினோதாவின் கையே காட்டியது. கரிச்சுவர், மேலே இடைவெளி, அந்த இடைவெளியில் முக்காலிமேல் ஏறி நின்ற வேலாயியின் வெளிறிய முகம். "நாந்தாம்மா. அந்தப் புள்ள மேல குத்தமில்லீங்க. கேட்டுக் கேட்டு மனசுல நின்னுருச்சு. அர்த்தங்கூட தெரியாதுங்க."

வேலை போய்விட்டது என்று வினோதாவுக்குப் புரிந்தது. கால் தானாகவே வாசலுக்குப் போனது. போனும் கூடவே போனது. இஸ்தோப்பு முழுக்க ஆட்கள், எல்லோர் வாயிலும் விரல். ஒருவரும் அசையவில்லை.

"இவங்கள்லாம் ஏன் இப்படி இருக்காங்க?"

"நாந்தாங்க மேடம் ஒக்கார வச்சேன். கை தட்டுற வரைக்கும் இப்பிடித்தாங்க இருப்பாங்க." சொல்லும்போதே ஓரத்திலிருந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. தன் தலையில் இடி விழுந்திருக்கிற நேரத்திலும் வினோதா குனிந்து தாவணி நுனியால் அதைத் துடைத்தாள்.

"உங்க பிள்ளையா?"

"இல்லீங்க. கடைசி வீட்டுப் புள்ள."

போன் செத்துவிட்டதோ என்று வினோதா அதைத் தட்டிப் பார்த்தாள். "அந்தக் கேள்வியை விடுங்க," என்றார் மேடம். "ஒண்ணாந்தேதி ஹட்டனுக்கு வாங்க. வேலை உங்களுக்குத்தான்."

திரை அணைந்தது. வேலாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "என்னா புள்ள சொன்னாங்க? கெடுத்துப்புட்டேனா?"

இஸ்தோப்பு முழுவதும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. வினோதா போனை இடுப்பில் செருகிவிட்டு, தட்டுவதற்காக இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கிய கைகள் நெஞ்சுக்கு நேரே ஒன்று சேர்ந்து, கும்பிட்டபடி அப்படியே நின்றுவிட்டன. சத்தம் வரவில்லை. கங்காணி உட்பட ஒருவரும் வாயிலிருந்து விரலை எடுக்கவில்லை.